நில அதிர்வு தரவுக்கு வேக கிரிட் கட்டுவது: பிக்கிலிருந்து மைக்ரேஷன் வரை

இது 2டி கோட்டுக்கான, அதாவது ஒரே கோட்டில் எடுத்த தரவுக்கான வழிகாட்டி. வேக கிரிட் என்பது நிலத்தடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அலையின் வேகத்தை எழுதிய அட்டவணை. சிஎம்பி கேதர்கள் (ஒரே நடுப்புள்ளியைப் பகிரும் பதிவுகளின் தொகுப்புகள்; அந்தப் புள்ளியைச் சிடிபி என்றும் சொல்வார்கள்) கையில் இருக்கின்றன, வேகப் பகுப்பாய்வு முடித்துப் பிக் (தேர்ந்தெடுத்த நேர-வேகப் புள்ளிகள்) எடுத்தாயிற்று, இல்லையென்றால் வேறு யாரோ எடுத்த பிக் கோப்பு வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது அதை ஆழ மைக்ரேஷன் (எதிரொலிகளை அவற்றின் சரியான இடத்துக்கும் ஆழத்துக்கும் நகர்த்திப் படமாக்குவது) நிரல் படிக்கும் ஒரு கிரிட்டாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். கருவிகள் இரண்டுதான்: கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் உருவான இலவச சீஸ்மிக் யூனிக்ஸ், அப்புறம் பைத்தானில் நம்பை. வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் வேலையின் வரிசை மாறாது.

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் புவி இயற்பியலில் இல்லை. அச்சு மாறிப்போவது, ஒருவழி நேரமா இருவழி நேரமா என்று பார்க்காமல் விடுவது, மென்மையாக்கலைத் தப்பான நேரத்தில் செய்வது, இப்படிப்பட்ட கணக்குப்பிள்ளை வேலைகளில்தான். அதனால் அவற்றுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

1. கிரிட் எந்த வேலைக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே நிலத்தடிக்கு ஒரே கிரிட் போதும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். போதாது. ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையில் (அலைச் சமன்பாட்டைக் கட்டம் கட்டமாகத் தீர்ப்பது) செயற்கைப் பதிவு உருவாக்க வேண்டுமென்றால் அடுக்கு எல்லைகள் கூர்மையாக இருக்க வேண்டும், எல்லையில் வேகமோ அடர்த்தியோ சட்டென மாறினால்தான் அலை எதிரொலிக்கும். கதிர்களின் பயண நேரத்தை வைத்துப் படம் கட்டும் கிர்ச்சாஃப் மைக்ரேஷனுக்கு நேர் எதிர். கூர்மையான மாற்றங்களில் கதிர்கள் சிதறி, சில இடங்களுக்குப் பயண நேரமே சரியாகக் கிடைக்காமல் போகும். அலையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டிப் படம் எடுக்கும் ஆர்டிஎம்முக்கும் மென்மையான கிரிட்தான் நல்லது. கூர்மையான எல்லையில் அலை திரும்பி வந்து, படத்தில் குறைந்த அதிர்வெண் புகைபோலப் படியும்.

எனவே கூர்மையான மூல கிரிட்டைத் தனியாகச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து ஒரு நகல். மென்மையாக்கியதிலிருந்து கூர்மையைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிக் கோப்பு: ஒவ்வொரு சிடிபிக்கும் நேரமும் ஆர்எம்எஸ் வேகமும் (அந்த நேரம் வரை உள்ள அடுக்கு வேகங்களின் வர்க்கச் சராசரியின் மூலம்). நேரம் வினாடியிலா மில்லி வினாடியிலா, வேகம் மீட்டரிலா அடியிலா என்று கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதை நம்பாமல் எண்களைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கடல் நீரின் வேகம் சுமார் 1500 மீ/வி. கோப்பில் 4900 சொச்சம் என்று இருந்தால் அது அடி.

சிடிபி எண்ணுக்கும் தரையில் உள்ள தூரத்துக்கும் உள்ள தொடர்பு. ரிசீவர் இடைவெளி 25 மீட்டர் என்றால் சிடிபி இடைவெளி வழக்கமாக 12.5 மீட்டர். இதில் 25 என்று போட்டுவிட்டால் மாடல் இரண்டு மடங்கு அகலமாகிவிடும், சரிவுகள் எல்லாம் பாதியாகிவிடும், எந்த நிரலும் எச்சரிக்காது. செக்-ஒய் (நில அதிர்வுத் தரவின் பொதுவான கோப்பு வடிவம்) தலைப்பிலிருந்து ஆயத்தொலைவு எடுக்கிறீர்கள் என்றால் 71, 72ஆம் பைட்டுகளில் உள்ள பெருக்கியையும் படியுங்கள். அது எதிர்ம எண்ணாக இருந்தால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்.

டேட்டம், அதாவது நேரத்தையும் ஆழத்தையும் அளக்கத் தொடங்கும் பூஜ்யத் தளம். நிலத்தில் எடுத்த தரவில் இதுதான் பெரிய தலைவலி. வேகப் பிக் பெரும்பாலும் மேடுபள்ளத்தோடு போகும் மிதக்கும் டேட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும், மைக்ரேஷன் கேட்பதோ வேறொரு தளமாக இருக்கலாம், கிணற்று லாக் டிரில்லிங் மேடையின் உயரத்திலிருந்து அளந்திருக்கும். மூன்றையும் ஒரே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த படி.

கிணறு இருந்தால் செக்ஷாட் (தரையிலிருந்து கிணற்றுக்குள் அலை போய்ச்சேரும் நேரத்தை அளப்பது) கேளுங்கள், கிணற்றுச் சுவரில் ஒலியின் வேகத்தை அளக்கும் சோனிக் லாக் மட்டும் போதாது. சோனிக் கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அளப்பதால் நில அதிர்வு வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். லாகில் உள்ள எண் ஓர் அடிக்கு எத்தனை மைக்ரோ வினாடி என்பது. 304800ஐ அதனால் வகுத்தால் மீ/வி கிடைக்கும். 100 என்று இருந்தால் 3048 மீ/வி.

3. கிரிட் கட்டத்தின் அளவு

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், பின்னால் மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி இடைச்செருக வேண்டும்.

மாடலிங்குக்கும் ஆர்டிஎம்முக்கும்: மிகக் குறைந்த வேகத்தை மிக அதிகமான அதிர்வெண்ணால் வகுத்தால் மிகச் சிறிய அலைநீளம். 1500 மீ/வி, 30 ஹெர்ட்ஸ் என்றால் 50 மீட்டர். இரண்டாம் வரிசைத் துல்லியம் கொண்ட நிரலுக்கு ஓர் அலைநீளத்தில் சுமார் 10 புள்ளிகள் வேண்டும், ஆகவே 5 மீட்டர். நான்காம் வரிசைக்கு ஐந்தாறு புள்ளிகள் போதும், 8 முதல் 10 மீட்டர் வரை போகலாம். குறைத்தால் அலையின் பின்னால் வால் வாலாக எண்பிழைச் சிதறல் தெரியும். அதை நிஜ எதிரொலி என்று நம்பிப் பிக் செய்தவர்களும் உண்டு.

கால இடைவெளியை நிர்ணயிப்பது மிக அதிகமான வேகம். 2டியில் இரண்டாம் வரிசை முறைக்கு வேகத்தைக் கால இடைவெளியால் பெருக்கி, கட்ட அளவால் வகுத்தால் 0.707க்குக் கீழே இருக்க வேண்டும். 5 மீட்டர் கட்டம், 4500 மீ/வி உப்பு என்றால் சுமார் 0.78 மில்லி வினாடி. கிரிட்டில் எங்கோ ஒரே ஒரு புள்ளி தவறுதலாக 9000 என்று உட்கார்ந்திருந்தாலும் இந்த எல்லை பாதியாகிவிடும், அதற்கேற்ப இடைவெளியைக் குறைக்காவிட்டால் நிரல் வெடிக்கும்.

கிர்ச்சாஃபுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். 10 முதல் 25 மீட்டர் தாராளம்.

4. பிக்குகளைச் சுத்தம் செய்யுங்கள்

எல்லா வேக வளைவுகளையும் ஒரே படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வரையுங்கள். கூட்டத்தை விட்டு விலகி ஓடும் வளைவு உடனே தெரியும். ஆழம் போகப்போக ஆர்எம்எஸ் வேகம் குறைந்தால் முதல் சந்தேகம் மல்டிபிள் (பலமுறை எதிரொலித்து வந்த அலை) மீது வர வேண்டும், எந்த வேகம் பொருந்துகிறது என்று காட்டும் செம்ப்ளன்ஸ் படத்தில் மல்டிபிள்கள் குறைந்த வேகப் பக்கம்தான் பளிச்சென்று நிற்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கவும் கூடாது. சௌராஷ்டிரா, கட்ச் பக்கம் தக்காண பாசால்ட்டுக்குக் கீழே வேகம் குறைந்த படிவுப் பாறை உண்டு. அங்கே குறைவது நிஜம். புவியியல் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பக்கவாட்டில் மென்மையாக்குவதை இங்கேயே, ஆர்எம்எஸ் வேகத்தின் மீதே செய்யுங்கள். டிக்ஸ் கணக்குக்குப் (ஆர்எம்எஸ்ஸிலிருந்து அடுக்கு வேகம் எடுக்கும் சூத்திரம்) பிறகு செய்தால் ஏன் தாமதம் என்பது அடுத்த படியில் புரியும்.

5. ஆர்எம்எஸ்ஸிலிருந்து அடுக்கு வேகம்: டிக்ஸ்

கீழ்ப் பிக்கின் வேக வர்க்கத்தை அதன் நேரத்தால் பெருக்குங்கள். மேல் பிக்குக்கும் அதே. இரண்டின் வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இடையில் உள்ள அடுக்கின் வேகம். சூத்திரம் சின்னது, ஆபத்து பெரியது.

1.0 வினாடியில் 2000 மீ/வி, 1.2 வினாடியில் 2100 மீ/வி என்று வையுங்கள். அடுக்கு வேகம் 2542 வரும். இரண்டாவது பிக்கில் 50 மீ/வி மட்டும் கூடி 2150 ஆகிவிட்டால் 2781. அதாவது 50இன் பிழை 240 ஆகிறது. இப்போது பிக்குகளை நெருக்கிப் பாருங்கள்: 1.0 வினாடியில் அதே 2000, 1.05 வினாடியில் 2030 என்றால் 2557 வருகிறது. அதில் அதே 50 கூடினால் 3295. மணற்கல் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று சுண்ணாம்புக்கல் முளைக்கிறது, தரவில் அப்படி எதுவுமே இல்லாதபோது.

நுணுக்கம் கூடட்டும் என்று 20, 30 மில்லி வினாடிக்கு ஒரு பிக் வைக்கிற ஆர்வம் புதியவர்களிடம் நிறைய. டிக்ஸ் அதைத் தண்டிக்கும். 100 மில்லி வினாடிக்குக் குறைவான இடைவெளியில் பிக் இருந்தால் டிக்ஸுக்கு முன் ஒரு பிக்கை நீக்கிவிடுவது என் வழக்கம். இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு: ஆர்எம்எஸ் பிக்குகளை முதலில் 4 மில்லி வினாடி மாதிரிகளாக ஸ்ப்ளைன் (புள்ளிகள் வழியே போகும் மென்மையான வளைவு) போட்டு இடைச்செருகி, ஒவ்வொரு மாதிரிக்கும் டிக்ஸ் ஓட்டுவது. ஸ்ப்ளைனின் சிறு நெளிவு ஒவ்வொன்றும் ஓர் அடுக்காகப் பூதாகரமாகும்.

வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்தால் நம்பை எச்சரித்துவிட்டு 'எண் அல்ல' என்ற மதிப்பை வைத்துக் கடந்து போய்விடும். எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, டிக்ஸ் கிடையான அடுக்குகளையும் குறுகிய ஆஃப்செட்டையும் (அலை மூலத்துக்கும் ரிசீவருக்கும் உள்ள தூரம்) மனதில் வைத்து எழுதப்பட்டது. சரிவான அடுக்கில் ஸ்டாக்கிங் வேகம் (கேதரில் எதிரொலியைத் தட்டையாக்கும் வேகம்) நிஜத்தைவிட அதிகமாக வரும். சரிவு கூடிய கோட்டில், நேர மைக்ரேஷன் செய்த கேதரிலிருந்து எடுத்த பிக்கையே பயன்படுத்துங்கள்.

6. நேரத்திலிருந்து ஆழத்துக்கு

ஒவ்வொரு சிடிபிக்கும் மேலிருந்து கீழே அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்: அடுக்கு வேகம் பெருக்கல் இருவழி நேரத்தில் பாதி. மேலே உள்ள எடுத்துக்காட்டில் முதல் அடுக்கு 1000 மீட்டர் தடிமன், அடுத்தது 254 மீட்டர், ஆக இரண்டாம் எல்லை 1254 மீட்டரில்.

அந்தப் பாதியை மறந்தால் எல்லாம் இருமடங்கு ஆழத்தில் போய் உட்காரும். பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் சிக்கல். கூடவே, நேர அச்சின் பெயரை ஆழம் என்று மாற்றி எழுதுவது மாற்றம் ஆகாது. ஒவ்வொரு பத்தியிலும் நீட்சி வேறு வேறு, சீரான ஆழ இடைவெளியில் மறுபடி மாதிரி எடுத்தே ஆக வேண்டும். சீஸ்மிக் யூனிக்ஸின் வெல்கான்வ் இந்த மாற்றங்களைச் செய்யும், ஆனால் உள்ளே போகும் வேகம் ஆர்எம்எஸ்ஸா அடுக்கு வேகமா என்பதை நீங்கள்தான் சரியாகச் சொல்ல வேண்டும்.

7. பக்கவாட்டில் நிரப்புவது

பிக் இடங்கள் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்று இருக்கும், கிரிட் பத்தியோ 10 மீட்டருக்கு ஒன்று. இடையில் எப்படி நிரப்புகிறோம் என்பதில்தான் மாடல் நிலத்தடி மாதிரி இருக்குமா, படிக்கட்டு மாதிரி இருக்குமா என்பது இருக்கிறது.

10 டிகிரி சரியும் அடுக்கு ஒரு கிலோமீட்டரில் 176 மீட்டர் இறங்கிவிடும். ஒரே ஆழத்தில் நேர்கிடையாக இடைச்செருகினால் இந்தப் பக்கம் ஓர் அடுக்கின் வேகமும் அந்தப் பக்கம் வேறோர் அடுக்கின் வேகமும் கலந்து, எங்குமே இல்லாத ஒரு பாறை உருவாகும். பதிலாக, ஸ்டாக்கில் (கேதர்களைக் கூட்டிக் கிடைத்த படம்) தெரியும் மூன்று நான்கு முக்கிய எல்லைகளை வரைந்து, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே எத்தனை விழுக்காடு ஆழம் என்ற கணக்கில் இடைச்செருகுங்கள். வேலை கூடுதல்தான், பலன் அதைவிடக் கூடுதல்.

இடைச்செருகலுக்கு நேர்கோடே போதும். கியூபிக் ஸ்ப்ளைன் சட்டென வேகம் மாறும் இடத்தில் எல்லை மீறித் துள்ளும், 1500க்கும் 2000க்கும் நடுவே 1380 என்றெல்லாம் எண் வரும். பைத்தானின் ஸ்கைப்பை நூலகத்தில் உள்ள கிரிட்டேட்டா பிக்குகளின் வெளி எல்லைக்கு அப்பால் 'எண் அல்ல' என்றே நிரப்பும். மூலைகள் வெள்ளையாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

8. பிக்கே இல்லையென்றால்

சோதனைக்காக அடுக்கு மாடல் கட்டுகிறவர்களுக்கு சீஸ்மிக் யூனிக்ஸின் யூனிஃப்2 வசதியானது. ஒவ்வொரு எல்லைக்கும் தூரம், ஆழம் என்று இரண்டு பத்தியாக ஓர் உரைக் கோப்பில் எழுதி, எல்லை முடிந்ததும் 1.0 -99999 என்று ஒரு வரி. முதலில் எழுதுவது தரைமட்டம். எல்லா எல்லைகளும் ஒரே தூரத்தில் தொடங்கி ஒரே தூரத்தில் முடிய வேண்டும், ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது மாட்டுவது எல்லைகளின் எண்ணிக்கையில். அதில் தரைமட்டம் சேராது. ஆகவே எண்ணிக்கை 3 என்றால் கோப்பில் நான்கு எல்லைகள், வேகமும் நான்கு. ஸ்ப்ளைன் முறையைத் தேர்ந்தெடுத்தால் கோப்பில் வெட்டாத எல்லைகள் கிரிட்டில் வெட்டிக்கொள்ளலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஓரங்களை நீட்டுங்கள்

தரவு இருக்கும் அகலத்துக்கு மட்டும் கிரிட் கட்டினால் ஓரத்தில் உள்ள சரிவுகள் படத்தில் வராது. 3000 மீட்டர் ஆழத்தில் 45 டிகிரி சரிவு வேண்டுமென்றால் பக்கவாட்டில் 3000 மீட்டர் தேவை. நீட்டும்போது கடைசிப் பத்தியை அப்படியே திரும்பத் திரும்ப ஒட்டுங்கள், நம்பையில் பேட் செயல்பாட்டின் எட்ஜ் முறை. பூஜ்யத்தால் நிரப்பாதீர்கள், 11ஆம் படியில் வரும் தலைகீழ் கணக்கில் (ஒன்றை வேகத்தால் வகுப்பது) முடிவிலி வந்து நிற்கும்.

நீட்டிவிட்டுத்தான் மென்மையாக்க வேண்டும். அப்போதுதான் வடிகட்டியின் ஓரக் கோளாறு நீட்டிய பகுதியோடு போகும்.

கிரிட்டின் தொடக்கத் தூரத்தையும் புதுப்பிக்க மறக்காதீர்கள். இடதுபக்கம் 3000 மீட்டர் சேர்த்தால் தொடக்கம் இனி -3000.

10. கோப்பாக எழுதுவது

சீஸ்மிக் யூனிக்ஸின் நிரல்கள் எதிர்பார்ப்பது தலைப்பே இல்லாத 32 பிட் எண்கள், ஆழம்தான் வேகமாக ஓடும் அச்சு. அதாவது முதல் பத்தி முழுக்க மேலிருந்து கீழ், பிறகு இரண்டாம் பத்தி. நம்பையில் அணியை ஆழம், தூரம் என்ற வரிசையில் வைத்திருந்தால் அப்படியே எழுதும்போது தூரம் வேகமாக ஓடிவிடும். அணியைத் திருப்பி, தூரம் முதலாகவும் ஆழம் இரண்டாவதாகவும் ஆக்கிய பிறகு எழுதுங்கள்.

நம்பை இயல்பாக வைத்திருப்பது 64 பிட். மாற்றாமல் எழுதினால், கிரிட்டைப் படமாகக் காட்டும் எக்ஸ்இமேஜில் கோடு கோடாகக் குப்பை தெரியும்.

கோப்பின் அளவு எப்போதும் வரிசை, பத்தி, 4 மூன்றின் பெருக்கலாக இருக்க வேண்டும். பழகுவதற்கு மார்மூசி மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: 1988இல் பிரான்சின் ஐஎஃப்பி நிறுவனம் அங்கோலாவின் குவான்சா படுகையை ஒட்டி உருவாக்கியது, 4 மீட்டர் இடைவெளியில் 2301 பத்தி, 751 வரிசை. கோப்பு 69,12,204 பைட் இருக்க வேண்டும், வேகம் 1500க்கும் 5500க்கும் நடுவில். உங்கள் நிரல் இதைச் சரியாகப் படித்து, நேராக வரைந்து, திரும்ப எழுதினால் உங்கள் கிரிட்டையும் நம்பிக் கொடுக்கலாம். ஒன்று கவனியுங்கள், அளவு சரியாக இருப்பதால் அச்சு சரி என்று ஆகாது. திருப்பிப்போட்ட கோப்புக்கும் அதே அளவுதான். படம் வரைந்துதான் தெரியும்.

செக்-ஒய்யிலிருந்து வந்த கிரிட் என்றால் 3225, 3226ஆம் பைட்டுகளைப் பாருங்கள். 1 என்றால் பழைய ஐபிஎம் எண் வடிவம், 5 என்றால் ஐஇஇஇ. குழம்பினால் படத்தின் வடிவம் ஏறக்குறைய சரிபோலத் தெரிந்தாலும் வேகங்கள் பல மடங்கு கூடியோ குறைந்தோ வரும்.

11. மென்மையாக்கல்

வேகத்தை மென்மையாக்காதீர்கள், அதன் தலைகீழியை, அதாவது ஒன்றை வேகத்தால் வகுத்து வரும் மந்தத்தை, மென்மையாக்குங்கள். காரணம் எளிது. பயண நேரம் என்பது தூரம் பெருக்கல் மந்தம். மந்தத்தின் சராசரியை எடுத்தால் நேரம் கெடாது. 100 மீட்டர் 1500 மீ/வியிலும் அடுத்த 100 மீட்டர் 4500 மீ/வியிலும் போக 88.9 மில்லி வினாடி ஆகும். வேகச் சராசரி 3000 என்று போட்டால் 66.7 தான் வருகிறது. மந்தச் சராசரி 2250 கொடுக்கும், அதில் 88.9 அப்படியே வரும்.

சீஸ்மிக் யூனிக்ஸின் ஸ்மூத்2 கொடுத்த எண்ணை மென்மையாக்கும், அது வேகமா மந்தமா என்று அதற்குத் தெரியாது. ஆகவே தலைகீழாக்கி, ஓட்டி, மறுபடி தலைகீழாக்குங்கள்.

கடல் தரவில் நீரையும் கடலடிப் படிவுகளையும் சேர்த்து மென்மையாக்குவது மிகப் பரவலான தவறு. நீரின் வேகம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே எண், அதைப் போய் 1700 ஆக்கிவிட்டால் கீழே எல்லாம் இடம் பெயரும். நீர்ப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் படிவுகளை மட்டும் மென்மையாக்கி, பிறகு நீரைத் திரும்ப வையுங்கள். உப்பின் மேல் எல்லைக்கும் இதே விதி.

எவ்வளவு மென்மை? ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து அடிவரை செங்குத்துப் பயண நேரத்தை முன்னும் பின்னும் கணக்கிடுங்கள். வித்தியாசம் ஓரிரு மில்லி வினாடியைத் தாண்டும் இடத்தில் ஆரத்தைக் குறையுங்கள்.

12. மைக்ரேஷனுக்கு முன்னும் பின்னும் சோதனை

முதலில் சிறுமம், பெருமம், 'எண் அல்ல' எத்தனை. பிறகு படம். அதற்குப் பிறகு பெரும்பாலானோர் தவிர்க்கும் சோதனை: முடிந்த கிரிட்டிலிருந்து பின்னோக்கி ஆர்எம்எஸ் வேகத்தைக் கணக்கிட்டு, 4ஆம் படியில் சுத்தம் செய்த பிக்குகளின் மேல் வரையுங்கள். டேட்டம் நகர்ந்தது, பாதி மறந்தது எல்லாம் இந்த ஒரே படத்தில் மாட்டிக்கொள்ளும். கிணறு இருந்தால் அந்தப் பத்தியைச் செக்ஷாட்டோடு ஒப்பிடுங்கள்.

மைக்ரேஷன் ஓடியதும் ஆஃப்செட் வாரியான பட கேதர்களைத் (ஒரே இடத்தை ஒவ்வொரு ஆஃப்செட்டும் எந்த ஆழத்தில் காட்டுகிறது என்ற தொகுப்பு) திறங்கள். எதிரொலிகள் தட்டையாக இருந்தால் வேகம் சரி. தூர ஆஃப்செட்டில் மேல்நோக்கி வளைந்தால் வேகம் குறைவு, கீழ்நோக்கித் தொங்கினால் வேகம் அதிகம். மைக்ரேஷன் செய்த படத்தில் இது தலைகீழ் என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்: அங்கே சிரிப்பு வடிவ வளைவுகள் தெரிந்தால் வேகம் அதிகம், கவிழ்ந்த வளைவுகள் மிச்சமிருந்தால் வேகம் குறைவு. கேதரையும் படத்தையும் குழப்பிக்கொண்டு வேகத்தைத் தப்பான பக்கம் திருத்திக்கொண்டே போகிறவர்கள் ஏராளம்.

திருத்தும்போது மேல் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். மேலே உள்ள பிழை கீழே உள்ள எல்லா கேதரையும் வளைக்கும், ஆகவே மேல் அடுக்கு தட்டையாகும்வரை கீழே கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு திருத்தமும் கூர்மையான மூல கிரிட்டில் நடக்கட்டும். அதிலிருந்து 9, 10, 11ஆம் படிகளை மறுபடி ஓட்டுங்கள்.